ஊரோடு ஒட்டி வாழ்தல்: மதுரையில் தத்துவ போதகர்

அயலார் வந்து தங்குவது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசுவோர் கலந்து உறைந்த செய்தியைப் பட்டினப்பாலை பாடும். யவனர் குடியிருப்பைச் சிலப்பதிகாரம் காட்டும். ஆயினும் அந்த அயலார் நம் இலக்கியங்களில் அயலாராகவே நிற்கின்றனர். அவர்தம் மொழி வேறு, இருக்கை வேறு, தோற்றம் வேறு. வந்த இடத்தின் வழக்கத்திற்காகத் தம் வழக்கத்தைத் துறந்தவர் எவரேனும் உண்டா? துறந்தால் அவர் பெறுவது என்ன? அதற்கு அவர் கொடுக்கும் விலை என்ன? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் பதினேழாம் நூற்றாண்டின் மதுரைக்கு வருதல் வேண்டும். அங்கே இத்தாலிய நாட்டுத் துறவி ஒருவர் உண்ணும் சோறு முதல் எழுதும் சொல் வரை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வாழ்ந்தார். அவர் இராபர்ட் தெ நொபிலி. தமிழ் மக்கள் அவருக்கு வழங்கிய பெயர் தத்துவ போதகர்.

இரு வீடுகள்

நொபிலி 1577ஆம் ஆண்டு இத்தாலியில் உயர்குடி ஒன்றில் பிறந்தவர். இயேசு சபையில் சேர்ந்து துறவு பூண்டார். 1604ஆம் ஆண்டு லிசுபனிலிருந்து கப்பலேறி, வழியில் மொசாம்பிக்கில் இடருற்றுத் தங்கி, 1605ஆம் ஆண்டு மே திங்களில் கோவாவை அடைந்தார். பின்னர்க் கொச்சிக்கும், அங்கிருந்து முத்துக்குளித்துறைக்கும் வந்து தமிழ் பயிலத் தொடங்கினார். 1606ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் மதுரைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு அகவை இருபத்தொன்பது. அப்போது மதுரையை ஆண்டவர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர்.

மதுரையில் அவருக்கு முன்பே ஒரு துறவி இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் அப்போர்த்துக்கீசியர் முன்பு படைவீரராக இருந்தவர். 1595ஆம் ஆண்டு முதல் அவர் அங்கே ஒரு சிறு கோயில், ஒரு பள்ளி, நோயாளர்க்கு மருந்து கொடுக்கும் ஓரிடம் ஆகியவற்றை நடத்தி வந்தார். வணிகத்தின் பொருட்டு மதுரைக்கு வந்த பரதவக் கிறித்தவர்களுக்கு அவரே குருவானவர். அவர் இரக்கமுடையவர், நேர்மையாளர். ஊரார் அவரை மதித்தனர். ஆயினும் பதினொரு ஆண்டுகளில் மதுரை மக்களுள் ஒருவர்கூட அவர் நெறியில் சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்பதே இளைய துறவியின் முதல் ஆராய்ச்சி. அதற்கு விடை நூல்களில் கிடைக்கவில்லை. அவர்கள் இருவரும் வாழ்ந்த வீட்டிலேயே கிடைத்தது. அங்கே மாட்டிறைச்சி சமைக்கப்பட்டது. மது பருகப்பட்டது. தோற்காலணியோடு உள்ளே நடந்தனர். இவற்றுள் எதுவும் பெர்னாண்டசுக்குக் குற்றமாகப் படவில்லை. அவை அவர் பிறந்த ஊரின் இயல்பான வழக்கங்கள். ஆனால் வாயிலில் நின்று நோக்கிய மதுரையாருக்கு, அவ்வீட்டில் பேசப்பட்ட சமயத்தைக் காட்டிலும் அவ்வீட்டின் அடுக்களையே உரக்கப் பேசியது.

பரங்கி என்னும் சொல்

அக்காலத்தில் போர்த்துக்கீசியரைத் தமிழர் பரங்கியர் என்றனர். மேலை நாட்டாரைக் குறிக்க அரபு, பாரசீக மொழிகளில் வழங்கிய சொல்லே திரிந்து இவ்வாறு தமிழில் வழங்கிற்று. பெர்னாண்டஸ் இச்சொல்லைத் தம் இனத்தின் பெயர் என்றும், கிறித்தவன் என்பதற்கு மற்றொரு பெயர் என்றும் கருதி ஏற்றுக்கொண்டார். சமயத்தில் சேர வருவோரிடம், பரங்கிக் குலத்தில் புக விருப்பமா என்று கேட்பதே வழக்கமாக இருந்தது.

கேட்பவர் காதில் அக்கேள்வி எவ்வாறு விழுந்திருக்கும் என்பதை நொபிலி உணர்ந்தார். மதுரையார் வாயில் பரங்கி என்பது மாட்டிறைச்சி உண்பவன், கள் மயக்கத்தில் திரிபவன், நீராடாதவன், மேல் கீழ் அறியாதவன் என்றெல்லாம் பொருள் தந்தது. ஆகவே ஒருவரை ஒரு கடவுளிடம் அழைப்பதாக எண்ணிக்கொண்டு, குடும்பத்தையும் சுற்றத்தையும் உணவையும் விட்டு இழிவில் வந்து விழுமாறு அழைத்துக்கொண்டிருந்தனர். சொல்பவன் கருதிய பொருளும் கேட்பவன் கொண்ட பொருளும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

இலத்தீனும் இத்தாலியமும் கற்ற ஒருவர், தமிழ் பயிலத் தொடங்கிய சில மாதங்களிலேயே ஒரு சொல்லின் உள்ளே இருந்த இவ்வளவு வரலாற்றையும் கண்டுகொண்டது வியப்புக்குரியது. அயல் நாட்டில் வாழ்வோர் அகராதிப் பொருளை விரைவில் கற்றுவிடுவர். ஒரு சொல்லைக் கேட்டவுடன் எதிரே இருப்பவர் முகம் ஏன் மாறுகிறது என்பதைக் கற்க நெடுநாள் ஆகும். நொபிலியின் வெற்றி தோல்வி அனைத்திற்கும் இந்த முகக்குறிப்பை அறியும் திறனே தொடக்கம் எனலாம்.

உணவும் உடையும்

தாம் பரங்கி அல்லர் என்று நொபிலி அறிவித்தார். உரோமாபுரியிலிருந்து வந்தவர் என்றும், அங்கே தம் குடும்பம் இந்நாட்டு அரச குலத்தார்க்கு ஒப்பான நிலையில் உள்ளது என்றும் கூறினார். அது பொய்யன்று. அவர் போர்த்துக்கீசியரும் அல்லர். எளிய குடியில் பிறந்தவரும் அல்லர். பின்னாளில் இச்செய்தியை ஓலையில் எழுதித் தம் வாயிலில் வைத்தார்.

சொன்னதற்கேற்ப வாழ்வும் மாறியது. 1607ஆம் ஆண்டளவில் அவர் பெர்னாண்டசின் வீட்டை விட்டு நீங்கித் தனி இல்லத்தில் குடியேறினார். கறுப்பு அங்கி போயிற்று. காவி உடை வந்தது. தோற்காலணி போயிற்று, மரத்தாலான பாதக்குறடு வந்தது. கையில் தண்டும் கமண்டலமும் நெற்றியில் சந்தனமும் இடம்பெற்றன. தொடக்கத்தில் சிலுவை கோத்த நூலொன்றையும் மார்பில் அணிந்தார். இறைச்சி, மீன், முட்டை, மது ஆகியவற்றை நீக்கினார். பார்ப்பனர் ஒருவர் சமைத்துத் தந்த சோறு, காய், பால் இவையே உணவு. அதுவும் நாளுக்கு ஒரு வேளை. நாள்தோறும் நீராடினார். தம்மைக் காண வந்தோரைக் காலமும் முறையும் அறிந்தே சந்தித்தார்.

இம்மாற்றங்களுக்கு அவருடைய மாநிலத் தலைவர் ஆல்பர்ட் லேர்சியோவும், கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ் ரோசும் இசைவளித்தனர். ஆகவே இது ஒருவரின் தனி விருப்பத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. இதே காலத்தில் சீனத்திலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி ஒன்று நடந்திருந்தது. மத்தேயு ரிச்சி என்னும் இத்தாலியத் துறவி அங்கு முதலில் புத்தத் துறவியரின் உடையை உடுத்தார். கற்றோர் அவையில் அவ்வுடைக்கு மதிப்பில்லை என்று கண்டபின், 1595ஆம் ஆண்டு சீனப் புலவர்களின் பட்டாடைக்கு மாறினார். ஒரு நாட்டின் வழக்கத்தை ஏற்பது என்றால் அந்நாட்டில் யாருடைய வழக்கத்தை ஏற்பது என்னும் வினா உடனே எழும். இதனைச் சீனமும் மதுரையும் ஒருசேரக் காட்டுகின்றன. அவ்வினா நொபிலியை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

கற்ற மொழிகள்

உடை மாற்றம் ஒரு நாளில் முடியும். மொழி மாற்றம் அவ்வாறன்று. நொபிலி தமிழோடு, நாயக்கர் அவையில் வழங்கிய தெலுங்கையும் கற்றார். பின்னர் வடமொழியில் புகுந்தார். சிவதருமர் என்னும் பார்ப்பன அறிஞர் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். ஐரோப்பியருள் வடமொழி நூல்களை இவ்வளவு ஆழமாகக் கற்றோருள் இவரே முதல்வர் என்று ஆய்வாளர் கருதுவர்.

கற்பித்தவரும் கற்றவரும் பல திங்கள் உரையாடினர். பெர்னாண்டசின் பள்ளியில் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரும் நொபிலியோடு இருபது நாள் அளவும் சொற்போர் நடத்தியபின் அவர் நெறியில் சேர்ந்தார். ஆசிரியராக இருந்தவரே மாணவராகவும், மாணவராக இருந்தவரே ஆசிரியராகவும் மாறும் இக்காட்சிக்கு இடமளித்தது நொபிலியின் பணிவு. ஊரார்க்கு உரைக்க வந்தவர் முதலில் ஊராரிடம் பாடம் கேட்டார்.

குடுமியும் பூணூலும் பட்ட பாடு

எதிர்ப்பு ஊராரிடமிருந்து மட்டும் வரவில்லை. தம்மவரிடமிருந்தே பெரிதாக வந்தது. அண்டை வீட்டில் வாழ்ந்த பெர்னாண்டஸ் 1610ஆம் ஆண்டு மேலிடத்திற்கு நீண்ட முறையீடு ஒன்றை எழுதினார். இளையவர் தம் உடையை விட்டார், தம் உடன் துறவியோடு உண்பதை விட்டார், புறச்சமயச் சின்னங்களை அணிகிறார், புதிய கிறித்தவர்களையும் அணியவிடுகிறார் என்பன அதன் சாரம்.

பெர்னாண்டசை இவ்வரலாற்றின் எதிர்நாயகராக மட்டும் காண்பது நேர்மையாகாது. பல ஆண்டுகள் தனியே உழைத்த முதியவர் அவர். புதிதாக வந்த இளைஞர் அவரைவிட்டு விலகி வேறு வீட்டிற்குச் சென்றார். பலர் அறிய அவரோடு பழகுவதையும் தவிர்த்தார். அந்தப் புண் எளிதில் ஆறக்கூடியதன்று. மேலும் அவர் மதுரை வழக்கங்களை அறியாதவரும் அல்லர். 1616ஆம் ஆண்டு பார்ப்பனரின் சடங்குகளையும் நடைமுறைகளையும் விரிவாகத் தொகுத்துப் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு நூலே எழுதினார். இருவரும் அதே வழக்கங்களைத்தான் கண்டனர். ஒருவர் அவற்றில் வாழ்க்கை முறையைக் கண்டார். மற்றவர் வழிபாட்டைக் கண்டார்.

வழக்கு நான்கு பொருள்களைச் சுற்றி நின்றது: பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு. இவை சமயச் சின்னங்களா, சமுதாய வழக்கங்களா? 1613ஆம் ஆண்டும் 1619ஆம் ஆண்டும் இலத்தீனில் எழுதிய நூல்களில் நொபிலி இதற்கு விடை கூறினார். வடமொழி அறநூல்களிலிருந்து மேற்கோள் காட்டி, பூணூலும் குடுமியும் குலத்தையும் நிலையையும் காட்டும் அடையாளங்கள் என்றார். சந்தனம் அழகுக்கும் குளிர்ச்சிக்கும் பூசப்படுவது என்றார். நீராட்டு உடல் தூய்மைக்கு என்றார். பழைய உரோமாபுரியில் கிறித்தவம் பரவியபோதும் அந்நாட்டு மக்களின் நடைமுறைகள் பல ஏற்கப்பட்டன என்று எடுத்துக்காட்டினார்.

செய்தி உரோமாபுரி வரை சென்றது. அவருடைய உறவினரான கர்தினால் பெல்லார்மின், நொபிலி தம் சமயத்தையே துறந்துவிட்டார் என்பது போன்ற செய்திகளைக் கேட்டு வருந்திக் கடிதம் எழுதினார். பின்னர் விளக்கம் பெற்று மனம் தெளிந்தார். 1619ஆம் ஆண்டு கோவாவில் கூடிய அவையில் நொபிலி நேரில் தம் வழக்கை உரைத்தார். பேராயரும் பெரும்பாலோரும் அவருக்கு மாறாக நின்றனர். சமய விசாரணை மன்றத்தைச் சார்ந்த அல்மெய்தா துணை நின்றார். இறுதியாக 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்பளித்தார். மூட நம்பிக்கை கலவாதவரை நூலும் குடுமியும் சந்தனமும் நீராட்டும் ஏற்கத்தக்கனவே என்பது தீர்ப்பு.

அத்தீர்ப்பின் இறுதிப் பகுதி பலராலும் மறக்கப்படுவது. உயர்குடிப் பிறப்பைப் பெருமையாகக் கருதுவோர், தாழ்ந்த நிலையினர் எனப்படுவோரை, சிறப்பாகக் கோயிலில், இகழலாகாது என்று அது வேண்டிக்கொண்டது. பூணூலுக்கு இசைவு தந்த ஏடே அதனால் விளையக்கூடிய தீங்கையும் அறிந்திருந்தது.

கொடுத்த விலை

இங்கேதான் இவ்வரலாற்றின் கடுமையான வினா எழுகிறது. ஊர் என்பது ஒன்றா? மதுரையில் ஒரே உணவு முறை இல்லை. ஒரே உடை முறை இல்லை. பார்ப்பனரின் அடுக்களை வேறு, வேளாளரின் அடுக்களை வேறு, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டோரின் அடுக்களை வேறு. மதுரையாரைப் போல வாழ்கிறேன் என்று நொபிலி கருதியபோது, அவர் உண்மையில் மதுரையாருள் மிகச் சிலரைப் போலவே வாழ்ந்தார்.

அச்சிலரின் மதிப்பைக் காக்கும் பொருட்டு அவர் மற்றவரிடமிருந்து விலகி நிற்க நேர்ந்தது. பெர்னாண்டசின் மந்தையினரான பரதவரோடு ஒரே கோயிலில் அவர் வழிபடவில்லை. எளியோரோடு வெளிப்படையாகப் பழகினால் மேலோர் வாயில் மூடிவிடும் என்று அஞ்சினார். சாதியை அவர் கடவுள் வகுத்ததாகக் கூறவில்லை; ஐரோப்பாவில் பெருமக்கள், பொதுமக்கள் என்று இருப்பது போன்ற உலகியல் ஏற்பாடு என்றே விளக்கினார். ஆனால் அந்த விளக்கத்திலேயே ஒரு குறை ஒளிந்திருந்தது. உயர்குடியில் பிறந்த உரோமருக்கு மதுரையின் ஏணிப்படிகள் அயலானவையாகத் தோன்றவில்லை. காவியும் சோறும் புதியவையாக இருந்தன. மேல் கீழ் என்னும் முறை மட்டும் ஏற்கெனவே பழகியதாக இருந்தது. ஆகவே எல்லா வழக்கங்களையும் தம் ஆராய்ச்சிக்கு உட்படுத்தியவர், இதனை மட்டும் போதிய அளவு ஆராயாமல் ஏற்றுக்கொண்டார்.

காலம் அவருக்கு இக்குறையை உணர்த்தாமல் இல்லை. 1623ஆம் ஆண்டுக்குப் பின் அவர் சேந்தமங்கலம், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய பகுதிகளில் சுற்றிப் பணியாற்றினார். அங்கெல்லாம் எளிய மக்களே அவர் நெறியை மிகுதியாக நாடி வந்தனர். அவர்களுக்கெனப் பண்டாரசாமிகள் என்னும் மற்றொரு துறவியர் வகை 1640ஆம் ஆண்டில் தோன்றியது. பல்தசார் தா கோஸ்தா அவ்வகையின் முதல்வர். பண்டாரத்தின் உடையும் தமிழ் மண்ணின் உடையே. ஆனால் அது பல குலத்தாரோடும் பழக இடந்தரும் உடை. பின்னாளில் ஓரியூரில் 1693ஆம் ஆண்டு உயிர்துறந்த அருளானந்தர் இவ்வகையினரே. பார்ப்பன சந்நியாசியின் உடை திறக்காத பல வாயில்களைப் பண்டாரத்தின் உடை திறந்தது.

வழக்கங்கள் பற்றிய சச்சரவு அதோடு முடியவில்லை. 1704ஆம் ஆண்டு புதுச்சேரியில் தூர்நோன் பல வழக்கங்களைத் தடுத்து ஆணையிட்டார். 1744ஆம் ஆண்டு திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பரின் ஆணை மீண்டும் அவ்வழக்கை விசாரித்தது. அப்போது முதன்மையாக எழுந்த கேள்விகளுள் ஒன்று, ஒதுக்கப்பட்டோரின் வீட்டிற்குள் குருவானவர் செல்வாரா என்பது. நூற்றாண்டு கடந்தும் வினா மாறவில்லை: ஊர் வழக்கம் என்று எதனை ஏற்பது, எதனை மறுப்பது?

சொல்லும் ஒரு வழக்கமே

நொபிலி மாற்றிக்கொண்டவற்றுள் நிலைத்து நின்றது மொழியே. அவருக்கு முன் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியது. அதன் ஆசிரியர் அண்டிரிக் அடிகளாரின் உழைப்பு பெரிது. ஆயினும் சமயக் கருத்துகள் பலவற்றிற்குப் போர்த்துக்கீசிய, இலத்தீன் சொற்களையே தமிழ் எழுத்தில் எழுதும் முறை அந்நாளில் இருந்தது. அச்சொற்கள் தமிழ் மொழிக்குள் தோற்காலணியோடு நடந்தன எனலாம்.

நொபிலி அவற்றிற்கு மாற்றாக மக்கள் முன்பே அறிந்த சொற்களைத் தேடினார். கோயில், குரு, வேதம், பூசை, அருள், பிரசாதம் ஆகிய சொற்கள் அவர் எழுத்தில் புதிய பொருளை ஏற்றன. ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம் முதலிய நூல்களை உரைநடையில் எழுதினார். செய்யுளே நூல் என்று கருதப்பட்ட காலத்தில், உரையாசிரியர்களின் விளக்க உரை ஒருபுறம் இருக்க, ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை வாதிட்டு நிறுவும் நெடிய உரைநடையை அவர் கையாண்டார். வடசொற்கள் மிக்க நடை அது. இன்று படிப்போர்க்குக் கரடுமுரடாகவே தோன்றும். தமிழ் உரைநடையின் தந்தை என்று சிலர் அவரைப் போற்றுவதை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். எனினும் அவ்வுரைநடையில் ஓர் அயலவரின் மூச்சு இருக்கிறது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. இருபதாம் நூற்றாண்டில் அறிஞர் ச. இராசமாணிக்கம் அடிகளார் இந்நூல்களை ஆய்ந்து பதிப்பித்ததன் பயனாக அவை மீண்டும் படிப்போர் கைக்கு வந்தன.

சொற்களுக்கும் பின்னர் ஒரு பயணம் இருந்தது. பூசை என்பது இன்றும் சிற்றூர்க் கத்தோலிக்கரின் பேச்சில் வாழ்கிறது. வழிபாட்டு நூல்களில் அதனிடத்தில் திருப்பலி என்னும் தமிழ்ச் சொல் அமர்ந்துவிட்டது. குடியேறியவர் ஏற்ற வழக்கத்தை, அவ்வூரார் தாமே பின்னர் மாற்றிக்கொள்வதும் உண்டு.

இறுதி நாள்கள்

1640ஆம் ஆண்டு நொபிலி மதுரையில் சிறைப்பட்டு, பின்னர் விடுபட்டார். அப்போது ஆட்சி திருமலை நாயக்கருடையது. கண்பார்வை மங்கிய முதுமையில் மேலிடத்தார் அவரை யாழ்ப்பாணத்திற்கும், பின்பு மயிலாப்பூருக்கும் அனுப்பினர். மயிலாப்பூர் போர்த்துக்கீசியர் குடியிருப்பு. அங்கே அவர் மீண்டும் பழைய உணவுக்கும் உடைக்கும் திரும்பியிருக்கலாம். எவரையும் கவரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. எவரும் குறை கூறப்போவதும் இல்லை. ஆயினும் அவர் மரக்கறி உணவையே தொடர்ந்தார் என்று குறிப்புகள் கூறுகின்றன. ஒரு நோக்கத்திற்காக ஏற்ற வழக்கம், நோக்கம் நீங்கிய பின்னும் நிலைத்தது. அப்போது அது வேடமாக இல்லை. அவருடைய வாழ்க்கையாகவே ஆகியிருந்தது. 1656ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் மயிலாப்பூரில் அவர் காலமானார். தமிழகம் புகுந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

உலகத்தோடு பொருந்தி வாழ்தலை வள்ளுவர் ஒழுக்கமுடைமை அதிகாரத்தில் அறிவோடு சேர்த்து வைத்தார். பொருந்துதலையும் அறிவையும் பிரிக்கலாகாது என்பது அதன் உட்பொருள். அறிவின்றிப் பொருந்துவது சாயலைப் பின்பற்றுவதாக முடியும். பொருந்தாத அறிவு பெர்னாண்டசின் வீட்டு வாயிலைப் போல ஒருவரும் நுழையாமல் திறந்தே கிடக்கும். நொபிலி பொருந்தவும் செய்தார், ஆராயவும் செய்தார். ஒன்றை மட்டும் ஆராயாது விட்டார். அந்த ஒன்றைச் சீர்செய்யப் பின்வந்தோர் நெடுங்காலம் உழைக்க வேண்டியதாயிற்று.

இன்று தமிழர் உலகின் பல திசைகளிலும் குடியேறி வாழ்கின்றனர். எந்த உணவை விடுவது, எந்த உடையை ஏற்பது, எந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்கு வைத்துப் போவது என்னும் வினாக்கள் அவர்தம் வீடுகளில் நாள்தோறும் எழுகின்றன. நானூறு ஆண்டுகளுக்கு முன் எதிர்த்திசையில் பயணம் செய்து மதுரைத் தெருவில் பாதக்குறட்டோடு நடந்த உரோமர், அவ்வினாக்களோடு இன்னொரு வினாவையும் விட்டுச்சென்றுள்ளார்: புதிய ஊரில் யாருடைய வழக்கத்தை நாம் நம் வழக்கமாகக் கொள்கிறோம், அதனால் யாருடைய வாயிலைக் கடந்து போய்விடுகிறோம்?